மாடி போர்ஷன் சிவராசன்!

உங்க தெருவுல ஒரு வீட்டுக்குப் புதுசா யாராவது குடிவந்தா, முதல் தகவல் யாருக்குப் போகும்? ஹவுஸ் ஓனருக்கா? புரோக்கருக்கா? ம்ஹும்! தெருமுனையில கிரிக்கெட் ஆடிட்டு இருக்குற பொடிசுங்களுக்குத்தான். வேன்ல இருந்து இறங்குற கட்டில் எத்தனை, பீரோ எத்தனை, நம்ம வயசுல பசங்க இருக்காங்களா, நாய் இருக்கா... அஞ்சே நிமிஷத்துல மொத்த ரிப்போர்ட்டும் ரெடியாகிடும்.

வந்தவங்க சிரிச்ச முகமா இருந்துட்டா கதை அங்கேயே முடிஞ்சுது. ஆனா, தனி ஆளா வந்து, ஜன்னலைச் சாத்தியே வெச்சு, ராத்திரி மட்டும் வெளியே போற ஆளா இருந்தா... போச்சு! முதல் நாள் அவர் மந்திரவாதி. அடுத்த நாள் பிள்ளை பிடிக்கிறவர். வாரக் கடைசியில கொலைகாரர். பேர், ஊர், வேலை எதுவுமே தெரியாத ஒரு மனுஷனுக்கு முழு வாழ்க்கை வரலாறே எழுதிக் கொடுக்குறதுல குழந்தைகளை அடிச்சுக்க ஆளே கிடையாது.

அதுக்கான பயிற்சியைக் கொடுத்தது யாரு? நாமதான்! 'சாப்பிடலைன்னா பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்'னு சொல்லித்தானே சோறு ஊட்டுறோம். பூச்சாண்டிங்கிற வார்த்தைக்குள்ளேயே ஓர் ஆண்டி உட்கார்ந்திருக்கார் பாருங்க. எங்கே பாலம் கட்டினாலும், 'தூண் நிக்கணும்னா குழந்தை தலை வேணுமாம், சாக்குப்பையோட ஆள் சுத்துறான்'னு ஒரு வதந்தி கிளம்பும். 19-ம் நூற்றாண்டுல கல்கத்தாவுல ஹூக்ளி ஆத்துக்குப் பாலம் கட்டினப்பவும் இதே கதை ஓடியிருக்கு. தலைமுறை தலைமுறையா கை மாறி வர்ற சொத்து இது!

பெரும்பாலும் இந்தக் கதைங்களால யாருக்கும் சேதாரம் இல்லை. நாலு நாள் ஓடும், அப்புறம் பரீட்சை வந்துடும். ஆனா, சில வருஷங்கள்ல அப்படி இல்லை. எங்க தெருவுக்கு அப்படி ஒரு வருஷம், 1991.

அந்த வருஷம் மே 21-ம் தேதி ராத்திரி, ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ரோட்டுல போனா ஸ்ரீபெரும்புதூர். நாங்க இருந்தது அம்பத்தூர். ஏதோ ஒரு தூரதேசத்துச் செய்தி இல்லை, பக்கத்து ஊர்ச் செய்தி. சம்பவ இடத்துல இறந்து கிடந்த போட்டோகிராபர் ஹரிபாபுவோட கேமராவுல இருந்த படங்கள் பேப்பர்ல வந்துச்சு. வெள்ளை ஜிப்பா போட்டு, பத்திரிகைக்காரர் மாதிரி கையில பேடு வெச்சுக்கிட்டு நின்ன ஒருத்தரை நாடே தேட ஆரம்பிச்சுது. அவர்தான் சிவராசன். 'ஒற்றைக்கண் சிவராசன்'னு பேப்பர்கள் எழுதுச்சு.

யோசிச்சுப் பாருங்க. அப்போ எனக்குப் பத்து வயசு. கோடை லீவு. சன் டி.வி. வர்றதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. தூர்தர்ஷன் விட்டா முத்து காமிக்ஸ், அதை விட்டா அக்காங்களுக்குத் தெரியாம எடுத்துப் படிக்கிற க்ரைம் நாவல். அந்த நேரத்துல, ஒரு கண்ணு இல்லாத ஒரு மர்ம மனிதன் நம்ம ஏரியாவுல எங்கேயோ ஒளிஞ்சிருக்கான்னு போலீஸே சொல்லுது! பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன்னு எங்கே போனாலும் போஸ்டர். அந்த மூணு மாசம், எதிர்ல வந்த ஒவ்வொரு மனுஷனையும் நாங்க முதல்ல கண்ணைத்தான் பார்த்தோம்.

சரியா அந்த ஜூன் மாசம்தான், எங்க வீட்டுல இருந்து நாலாவது வீட்டு மாடி போர்ஷனுக்கு அவர் குடிவந்தார்.

முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும். தனி ஆள். ஒரு டிரங்க் பெட்டி, ஒரு பாய், ஒரு ரேடியோ. அவ்வளவுதான் சாமான். ஜன்னல் கண்ணாடி முழுக்க உள்பக்கமா பேப்பர் ஒட்டிட்டார். எல்லாத்தையும் விட முக்கியமா, சாயங்காலம் ஆறு மணிக்கும் கறுப்புக் கண்ணாடி!

எங்க டீம்ல மொத்தம் அஞ்சு பேர். தலைமைத் துப்பறிவாளர் சோடாபுட்டி. மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால வந்த பேரு. அவன் ஒரு நாற்பது பக்க நோட்டுல ஆதாரங்களை வரிசையா எழுத ஆரம்பிச்சான்.

ஒண்ணு, பகல் முழுக்க வெளியே வர்றதில்லை. ரெண்டு, ராத்திரி ஒன்பதே காலுக்கு ரேடியோவுல பி.பி.சி. தமிழோசை கேக்குறார். 'அவங்க ஆளுங்கதான்டா இதைக் கேப்பாங்க.' மூணு, சரியா பத்து மணிக்கு ரெக்ஸின் பையோட கிளம்புறார். பைக்குள்ள இரும்புச் சத்தம். நாலு, அந்தப் பைக்குள்ள இருந்த ஒரு சின்ன, நீளமான பெட்டியைக் குண்டு ஒருமுறை கண்ணால பார்த்துட்டான். 'துப்பாக்கிதான். சந்தேகமே இல்லை.' அஞ்சு, கடைசியா வந்த அணுகுண்டு! பெட்டிக்கடையில அவர் சில்லறை கேட்டதைச் சோடாபுட்டி பக்கத்துல நின்னு கேட்டிருக்கான். 'டேய், அவர் பேசுறது நம்ம தமிழே இல்லைடா. சிலோன் தமிழ்!'

நோட்டை மூடிட்டு அஞ்சு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டோம். வயித்துக்குள்ள ஜில்லுனு ஒரு பயம். அதே நேரம், சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு சந்தோஷம்! உலகமே தேடுற ஆளு நம்ம தெருவுல. டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ்னு ஷிஃப்ட் பார்த்துட்டு வந்து தூங்குற எங்க ஊருக்கு, இப்படி ஒரு பெருமை எப்போ கிடைக்கும்?

அடுத்த கட்டம் என்னன்னு தெரியலை. போலீஸுக்குப் போறதுன்னா பெரியவங்ககிட்ட சொல்லணும். சொன்னா உதை விழும். இப்படியே ரெண்டு நாள் மாநாடு நடத்திட்டு இருந்தப்போ, கேஸை முடிச்சுவெச்சது என் தங்கச்சி.

அவளுக்கு ஆறு வயசு. டீம்ல அவளைச் சேர்த்துக்கலை. சாயங்காலம் தண்ணி பிடிக்க அவர் குடத்தோட கீழே இறங்கினப்போ, அடிபம்பு பக்கத்துல போய் நின்னுக்கிட்டு, அண்ணாந்து பார்த்து நேராவே கேட்டுட்டா.

"மாமா, நீங்கதான் சிவராசனா?"

நாங்க அஞ்சு பேரும் சுவத்துக்குப் பின்னாடி. மூச்சு நின்னுடுச்சு.

அவர் குடத்தைக் கீழே வெச்சார். குத்துக்கால் போட்டு அவ உயரத்துக்கு உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழட்டினார். இடது கண்ணு இருக்க வேண்டிய இடத்துல இமை சுருங்கி, ஒட்டிப்போய் இருந்துச்சு.

"இல்ல மக்ளே. எனக்க கண்ணுல இரும்புப் பிசிறு தெறிச்சுப் போச்சு. அவன் வேற ஆளு" என்றார்.

"வலிக்குதா மாமா?"

"இப்ப வலி இல்ல. வெளிச்சம் பட்டாத்தான் கூசும்."

அவ்வளவுதான் விசாரணை. தங்கச்சி திரும்பி வந்து தெரு முழுக்க அறிக்கை வாசிச்சா. அவர் சிவராசன் இல்லை. ஊர் நாகர்கோவில் பக்கம். எஸ்டேட்டுல நைட் ஷிஃப்ட். துப்பாக்கிப் பெட்டின்னு குண்டு சொன்னது வெர்னியர் காலிப்பர் வைக்கிற பெட்டி. கிரைண்டிங் வீல்ல வேலை பார்த்தப்போ கண்ணு போச்சு. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் இருந்தார். பகல்ல தூங்கணும், வெளிச்சமும் ஆகாது, அதனாலதான் ஜன்னல்ல பேப்பர். குமரி மாவட்டத்துப் பேச்சு எங்க அம்பத்தூர் காதுக்கு சிலோன் தமிழா கேட்டிருக்கு!

நாற்பது பக்க நோட்டுல எழுதின அத்தனைக்கும் ஆறு வயசுப் பொண்ணு ஒரே கேள்வியில பதில் வாங்கிட்டு வந்துட்டா. சோடாபுட்டிக்கு ஒரே ஏமாற்றம். நோட்டுல மிச்சம் இருந்த பக்கங்கள் ஸ்கோர் எழுத உதவிச்சு. அடுத்த நாள்ல இருந்து அவர் எங்களுக்கு 'நாகர்கோவில் அண்ணன்'. ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்கு அம்பயர்.

இதோட முடிஞ்சிருந்தா இது ஒரு ஜாலியான மலரும் நினைவு. முடியலை.

ஏன்னா, அந்தக் கதையைப் பெரியவங்களும் தனியா ஓட்டிட்டு இருந்திருக்காங்க! டீக்கடையில, ரேஷன் கடை க்யூவுல, சலூன்ல. 'மாடியில ஒரு ஆளு... ஒத்தக் கண்ணாம்... சிலோன் பேச்சாம்...' தங்கச்சி அறிக்கையை அவங்களும் கேட்டாங்க. 'குழந்தை ஏதோ உளறுது'ன்னு சிரிச்சாங்க. நேர்ல போய், முகத்தைப் பார்த்து விசாரிச்சுட்டு வந்தவ சொன்னது உளறல். பார்க்காமலே ஒருத்தர் காதுல இன்னொருத்தர் போட்டது தகவல்!

யாரோ போன் பண்ணிட்டாங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஜூலை மாசம் ஒரு ராத்திரி, அவர் ஷிஃப்டுக்குக் கிளம்புற நேரத்துக்கு ஜீப் வந்துச்சு. ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. தெருவுல ஒரு வீட்டுல லைட் எரியலை. ஆனா, எல்லா ஜன்னல்லயும் ஆள் இருந்தாங்க.

எங்க ஆயாவுக்கு ராத்திரி கண்ணு சரியாத் தெரியாது. விடிஞ்சதும்தான் விஷயம் தெரிஞ்சுது. நேரா ஹவுஸ் ஓனர் வீட்டுக்குப் போய் நின்னுச்சு.

"இன்னாப்பா, வாடகை வாங்கத் தெரியுது, அந்தப் புள்ள எங்க வேலை செய்யுதுன்னு கேக்கத் தெரியலையா? மேல பெட்டியில ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கும். எடுத்துக்கினு வா."

எங்கப்பாவும் ஓனரும் ஈ.எஸ்.ஐ. கார்டையும் கண் ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. அடி எதுவும் விழலைன்னு சொன்னார். ஒரு ராத்திரி ஷிஃப்ட் போச்சு, ஒரு நாள் கூலி போச்சு. ஆயா அவரை எங்க வீட்டுத் திண்ணையில உட்காரவெச்சு, பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுச்சு. போன் பண்ணினவங்களும் அந்த வழியா நடந்துதான் போயிருக்கணும்.

ஓனர் மட்டும் சமாதானம் ஆகலை. "அதான் சிலோன்காரன் இல்லைன்னு ஆயிடுச்சே ஆயா... நமக்கு எதுக்கு வம்புன்னுதான் யோசிக்கிறேன்" என்றார்.

"சிலோன்காரனா இருந்தா இன்னா? அவனுக்குப் பசிக்காதா?" என்றது ஆயா.

அந்தக் கேள்விதான் எனக்கு இன்னிக்கும் முக்கியமாப் படுது. ஏன்னா, பக்கத்துத் தெருவுல நிஜமாவே ஒரு சிலோன் குடும்பம் இருந்துச்சு. ஒரு அம்மா, ரெண்டு பசங்க. நாலு வருஷமா அங்கே இருந்தவங்க. 1983-க்கு அப்புறம் கடல் தாண்டி வந்த எத்தனையோ குடும்பங்கள்ல அதுவும் ஒண்ணு. பெரிய பையன் போடுற லெக் ஸ்பின்னுக்கு எங்க ஏரியாவுல யாருக்கும் ஆடத் தெரியாது. மே மாசத்துக்கு அப்புறம் அவன் கிரவுண்டுக்கு வரவே இல்லை. கேம்புக்கு வெளியில தங்கியிருந்த இலங்கைத் தமிழர்கள் எல்லோரும் போலீஸ் ஸ்டேஷன்ல பதிவு பண்ணணும்னு அப்போ உத்தரவு. அந்த அம்மா வாசல்ல கோலம் போடுறதைக்கூட நிறுத்திட்டாங்க. ஜூலைக் கடைசியில ஒருநாள் அந்த வீட்டுல பூட்டு தொங்குச்சு. கும்மிடிப்பூண்டி கேம்புக்குப் போயிட்டாங்கன்னு ஒருத்தர், திருச்சிக்குன்னு ஒருத்தர்.

நாகர்கோவில் அண்ணனுக்குக் காட்ட ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்துச்சு. 'நான் அவன் இல்லை'ன்னு சொல்ல ஒரு சொந்த ஊர் இருந்துச்சு. லெக் ஸ்பின்னர்கிட்ட அது இல்லை. அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் வித்தியாசம்.

ஆகஸ்ட் 20-ம் தேதி, பெங்களூர் பக்கத்துல கோணனகுண்டேயில சிவராசன் பிணமாகக் கிடைச்சார். தேடல் முடிஞ்சுது. போஸ்டர்கள் மேல சினிமா போஸ்டர் ஒட்டினாங்க. அண்ணன் இன்னும் ரெண்டு வருஷம் அதே மாடியில இருந்து, கல்யாணம் பண்ணி, குழந்தை பிறந்ததும் பெரிய வீடா பார்த்துப் போனார்.

குழந்தைங்க கட்டுற கதை ஆபத்தானதான்னு கேட்டா, ஸ்காட்லாந்துல நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். 1954 செப்டம்பர் 23. கிளாஸ்கோ நகரத்துல கார்பல்ஸ்னு ஒரு ஏரியா. தொழிலாளிங்க நெருக்கியடிச்சு வாழுற இடம். ஸ்கூல் விட்டதும் நூத்துக்கணக்கான பொடிசுங்க கம்பு, கத்தி, நாய் சகிதமா அங்க இருந்த பெரிய கல்லறைத் தோட்டத்துக்குள்ள புகுந்துட்டாங்க. எதுக்கு? இரும்புப் பல்லு வெச்ச ஏழடி ரத்தக் காட்டேரி ஒண்ணு ரெண்டு பசங்களைத் தின்னுடுச்சாம். அதைப் பிடிக்கத்தான்! பக்கத்துல இரும்பு ஆலை. அதோட சிவப்பு வெளிச்சமும் புகையும் கல்லறைகளுக்குப் பின்னாடி எழும்புறப்போ எப்படி இருந்திருக்கும்? போலீஸ் வந்து பார்த்தா, அப்படி எந்தக் குழந்தையும் காணாமப் போகவே இல்லை.

பெரியவங்க என்ன பண்ணினாங்க? 'எல்லாம் அமெரிக்க காமிக்ஸ் பண்ற வேலை'ன்னு கூச்சல் போட்டாங்க. அந்தக் குரலும் சேர்ந்து, 1955-ல குழந்தைகளுக்குக் கெடுதலான புத்தகங்களுக்கு எதிரா பிரிட்டன்ல ஒரு சட்டமே வந்துச்சு. இத்தனைக்கும் இரும்புப் பல் காட்டேரி இருந்த ஒரு காமிக்ஸைக்கூட அப்போ யாராலும் காட்ட முடியலை. இரும்புப் பல் வெச்ச கிழவி ஒருத்தி, அவங்க ஊர்த் தாலாட்டு பயமுறுத்தல்கள்லயே இருந்தா. அவங்க ஊர்ப் பூச்சாண்டி!

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தப் பசங்க கதையை நம்பினாங்க, ஆனா, நம்பிட்டு வீட்டுல உட்காரலை. நேர்ல போய்ப் பார்த்தாங்க. என் தங்கச்சி அடிபம்பு பக்கத்துல பண்ணினதும் அதேதான்.

இப்போ பெரியவங்க கதைக்கு வாங்க. 2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கத்துல அத்திமூர். சென்னையில இருந்து குலதெய்வம் கோயிலுக்குக் கார்ல கிளம்பின ஒரு குடும்பம், வழி கேக்க அங்கே நின்னுச்சு. கார்ல இருந்த 65 வயசு அம்மா, அங்க இருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தாங்க. 'பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க'ன்னு வாட்ஸ்அப்புல ஏற்கெனவே கதை ஓடிட்டு இருந்த நேரம். கூட்டம் கூடிடுச்சு. அடிச்சே கொன்னுட்டாங்க. கூட வந்தவங்களுக்கும் பலத்த காயம். அதே நாட்கள்ல நம்ம திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டுலயும் ஒரு மனுஷனை அடிச்சுக் கொன்னாங்க. அதே வருஷம் ஜூலை 1, மகாராஷ்டிராவுல துலே மாவட்டம் ரெய்ன்படாவுல அஞ்சு பேர். அந்த மாசம்தான், இந்தியாவுல ஒரு மெசேஜை ஒரே நேரத்துல அஞ்சு பேருக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்துச்சு.

அந்தக் கூட்டத்துல ஒருத்தராவது, 'எந்த ஊரும்மா, யாரைப் பார்க்க வந்தீங்க'ன்னு கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தா? ஆறு வயசுப் பொண்ணுக்குத் தெரிஞ்ச வழி அது. டீக்கடைக் கதையும் வாட்ஸ்அப் கதையும் ஒண்ணுதான். ரெண்டுலயும் சொல்றவர் எதையும் பார்த்திருக்க மாட்டார். கேக்குறவரும் பார்க்கப் போக மாட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இன்னிக்கு ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அஸ்ஸாம்னு எத்தனையோ ஊர்ப் பசங்க ஒரே ரூமுல அஞ்சு பேர், ஆறு பேர்னு தங்கி ஷிஃப்ட் பார்க்குறாங்க. பகல்ல தூங்குறாங்க. ஜன்னலை மூடி வெச்சிருக்காங்க. அவங்க பேசுறது நமக்குப் புரியலை. சோடாபுட்டி நோட்டுல எழுதின அத்தனை ஆதாரமும் அவங்களுக்கும் பொருந்தும்! நம்ம தெருப் பொடிசுங்க இவங்களைப் பத்தியும் கதை கட்டிட்டு இருப்பாங்க. கட்டட்டும். அவங்களும் நம்மளைப் பத்திக் கதை கேட்டவங்கதான். 2023 மார்ச்சுல, தமிழ்நாட்டுல வட மாநிலத் தொழிலாளிங்களை அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோக்கள் பரவுனப்போ, எத்தனையோ பேர் பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறினாங்க. ரெண்டு பக்கமும் பூச்சாண்டி!

அதனால, நண்பர்களே, அடுத்த முறை பக்கத்து ஃபிளாட்டுக்கோ மாடி ரூமுக்கோ புதுசா ஒரு ஆள் வந்து, அபார்ட்மென்ட் குரூப்புல 'பார்க்கவே சந்தேகமா இருக்கு'ன்னு மெசேஜ் வந்தா, அதை நாலு பேருக்குத் தட்டிவிடுறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணுங்க. கையில ஒரு டம்ளர் மோரோ, ரெண்டு வாழைப்பழமோ எடுத்துக்கிட்டுப் போய் காலிங்பெல்லை அடிங்க. பாஷை தெரியலையா? சைகையில கேளுங்க. கதவு திறக்க அரை நிமிஷம் ஆகும். அவர் தூக்கக் கலக்கத்துல இருப்பார். நைட் ஷிஃப்டா இருக்கும்.